எகிப்தியக் கற்சுவர்களில் செதுக்கிய பறவைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

எகிப்துக்கு முதன்முறை போனபோது ஆறு நாள்கள் தங்கினேன். சுவர்களில் செதுக்கப்பட்ட பறவைகளைப் பார்ப்பதற்கென்றே போன நான், பார்க்க வேண்டியவற்றில் கால்பங்கைக்கூடப் பார்க்காமல் திரும்பினேன். பயண முகவர் போட்டுத் தந்த திட்டத்தில் தெற்கே லக்சர் நகரில் உள்ள கர்னாக் கோயிலுக்கு ஒன்றரை மணி நேரமும், கெய்ரோவுக்கு அருகே பழங்காலக் கல்லறைகள் நிறைந்த சக்காராவில் படிப்பிரமிடின் வாசலில் அரை மணி நேரமும் ஒதுக்கப்பட்டிருந்தன. பறவைகள் நிறைந்த கல்லறைகள் அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தன என்பது ஊர் திரும்பிய பிறகே எனக்குத் தெரிந்தது. இரண்டாம் முறை எல்லாவற்றையும் நானே திட்டமிட்டேன். அப்போதும் சீட்டு வாங்கும் இடத்திலும் வெளிச்சத்தின் கணக்கிலும் பிழை செய்தேன். அந்தப் பிழைகள் உங்களுக்கு நேராமல் இருக்கவே இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். மன்னர்களின் வரலாறு எங்கும் கிடைக்கும் என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

1. புடைப்பு எது, ஓவியம் எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

எகிப்தியப் பறவைகள் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வரும் படங்களில் பாதி, செதுக்கியவையே அல்ல. கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்க அருங்காட்சியகத்தில் உள்ள மெய்தூம் வாத்துகள் சாந்துப் பூச்சின்மேல் தீட்டிய ஓவியம். இலண்டனில் உள்ள, நெபாமுன் என்ற பழங்கால அதிகாரியின் கல்லறையிலிருந்து வந்த சதுப்புநில வேட்டைக் காட்சியும் ஓவியம். லக்சரில் நக்த், மென்னா ஆகியோரின் கல்லறைகளில் உள்ள பறவை வேட்டைக் காட்சிகளும் ஓவியங்களே. அவை ஒவ்வொன்றும் பார்க்கத் தகுந்தவை என்றாலும், கல்லில் உளி செய்த வேலையைத் தேடிப் போகிறவர் அவற்றுக்கு நாள்களைச் செலவிட்டால் பிறகு நேரம் போதாது. நான் முதல் பயணத்தில் ஒரு முழுக் காலையை அப்படித்தான் இழந்தேன்.

செதுக்கு வேலையிலும் இரண்டு வகை உண்டு. உருவத்தைச் சுற்றியுள்ள கல்லை நீக்கி, உருவம் மட்டும் மேலெழுந்து நிற்கும்படி செய்வது ஒன்று; இதை மேல்புடைப்பு என்கிறேன். சுவரின் பரப்பை அப்படியே விட்டுவிட்டு, உருவத்தின் வரம்பை உள்ளே வெட்டி, அந்தக் குழிவுக்குள்ளேயே உருவத்தை வடிப்பது மற்றொன்று, இது குழிபுடைப்பு. பொதுவாக மேல்புடைப்பு கல்லறை அறைகளிலும் கோயிலின் உட்சுவர்களிலும் இருக்கும், குழிபுடைப்பு வெயில் படும் வெளிச்சுவர்களில் இருக்கும். எந்தச் சுவரை எந்த நேரத்தில் பார்க்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இந்த வேறுபாடுதான். மேலே போகப் போக இதன் பயன் தெரியும்.

2. பருவத்தையும் நாள் கணக்கையும் முடிவு செய்யுங்கள்

அக்டோபர் கடைசி முதல் மார்ச் நடுப்பகுதி வரை போவது நல்லது. கோடையில் லக்சரின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். காலை பத்து மணிக்குமேல் திறந்தவெளிச் சுவர் முன் நிற்க முடியாது. குளிர்காலத்தில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. சூரியன் வானில் தாழ்வாகவே நகர்வதால், சுவரின்மேல் சாய்வாக விழும் ஒளி நெடுநேரம் கிடைக்கிறது. இறகின் வரிகள் மிக ஆழமற்றவை. நேராக விழும் ஒளியில் அவை கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிடும்.

குறைந்தது எட்டு முழு நாள்கள் வேண்டும்: கெய்ரோவில் மூன்று, லக்சரில் நான்கு, இடையே பயணத்துக்கு ஒன்று. கெய்ரோவிலிருந்து லக்சருக்கு விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். இரவு ரயிலில் ஏறத்தாழ பத்து மணி நேரம். ரமலான் மாதத்தில் பல இடங்கள் முன்னதாகவே மூடப்படும் என்பதால், அந்த மாதம் எப்போது வருகிறது என்று பார்த்துவிட்டு விமானச் சீட்டு எடுங்கள்.

3. விசாவும் ஆவணங்களும்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு வழி இரண்டாகப் பிரிகிறது. அமெரிக்கா, பிரிட்டன், ஷெங்கன் நாடுகள் போன்றவற்றின் செல்லுபடியாகும், ஏற்கெனவே பயன்படுத்திய விசா உங்களிடம் இருந்தால், எகிப்து விமான நிலையத்திலேயே விசா பெறும் வாய்ப்பு உண்டு. நான் போன காலத்தில் அதற்குக் கட்டணம் 25 அமெரிக்க டாலர். ரொக்கமாகக் கையில் வைத்திருப்பது பாதுகாப்பு. அத்தகைய விசா இல்லாதவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். புது தில்லியில் தூதரகமும் மும்பையில் துணைத் தூதரகமும் உள்ளன. இலங்கை வாசகர்களுக்குக் கொழும்பில் தூதரகம் இருக்கிறது. விதிகள் மாறக்கூடியவை. ஆகவே விமானச் சீட்டுக்குப் பணம் கட்டும் முன் தூதரகத்தின் அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஆறு மாதமாவது செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, அதன் நகல்கள், கடவுச்சீட்டு அளவுப் புகைப்படங்கள், தங்குமிடப் பதிவு, திரும்பி வரும் விமானச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை. மாணவராக இருந்தால் சர்வதேச மாணவர் அடையாள அட்டையைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் நுழைவுக் கட்டணம் பாதியாகும். கல்லூரி தந்த சாதாரண அட்டையைக் காட்டிச் சலுகை கேட்ட ஓர் இளைஞரை என் கண்முன்னே திருப்பி அனுப்பினார்கள்.

ஒரு தனி எச்சரிக்கை. பறக்கும் கேமராவான டிரோனை எகிப்துக்குக் கொண்டு போகாதீர்கள். முன் அனுமதி இல்லாமல் அதைக் கொண்டுவருவதே குற்றம். விமான நிலையத்தில் பறிமுதல் செய்துவிடுவார்கள்.

4. நுழைவுச் சீட்டுகளும் செலவும்

முக்கியமான இடங்களின் சீட்டுக் கூடங்களில் இப்போது ரொக்கம் வாங்குவதில்லை, வங்கி அட்டைதான். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு உங்கள் அட்டையைத் திறந்து வைத்துவிட்டு, கூடவே இரண்டாவது அட்டை ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். என் முதல் அட்டை வேலை செய்யாமல் போனபோது, பின்னால் நின்ற ஒரு பெரியவர் தம் அட்டையில் எனக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்து ரொக்கத்தை வாங்கிக்கொண்டார். அந்த உதவி எல்லா நாளும் கிடைக்காது.

2025-இல் வெளிநாட்டவர்க்கான கட்டணம் எகிப்திய பவுண்டுகளில் இப்படி இருந்தது: சக்காரா 600, கர்னாக் 600, ஹட்செப்சுட் கோயில் 440, மெதினெத் ஹாபு 220. அந்த ஆண்டில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 50 பவுண்டு கிடைத்தது. கட்டணம் அடிக்கடி உயர்வதால், இவற்றோடு கூடுதலாகக் கால்பங்கு சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

லக்சரில் ஐந்து நாள்களுக்குச் செல்லும் ஒரு கூட்டுச் சீட்டு விற்கிறார்கள். சாதாரண வகை 130 டாலர், அரசி நெஃபர்தாரி, மன்னர் முதலாம் சேத்தி ஆகியோரின் கல்லறைகளையும் சேர்த்த வகை 250 டாலர் என்று எனக்குச் சொல்லப்பட்டது. பறவைகளுக்காகப் போகிறவர்க்கு இது தேவையில்லை. லக்சரில் நீங்கள் பார்க்க வேண்டிய கர்னாக், ஹட்செப்சுட் கோயில், மெதினெத் ஹாபு கோயில் என்ற மூன்று இடங்களுக்கும் சேர்த்தே 1,260 பவுண்டு, அதாவது 25 டாலர் அளவில்தான் ஆகிறது. கர்னாக்குக்கு இரண்டு முறை சீட்டு எடுத்தாலும் 40 டாலரைத் தாண்டாது.

5. போவதற்கு முன் சில பறவைகளைக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்லாதீர்கள். பறவைகளை அடையாளம் தெரியாமல் போனால் சுவர் முழுவதும் 'ஏதோ பறவைகள்' என்றுதான் தோன்றும். காட்சிகளில் வரும் பறவைகள் ஒருபுறம் இருக்க, சித்திர எழுத்துகளில் மட்டுமே ஐம்பதுக்கும் மேற்பட்ட பறவைக் குறிகள் உள்ளன. நாள்தோறும் அரை மணி நேரம் வீதம் இரண்டு வாரம் வரைந்து பழகினால் முக்கியமானவை கைக்கு வந்துவிடும்.

மிக அதிகமாகக் கண்ணில் படுவது ஒரு பாறு. தட்டையான தலை, நீண்டு மெலிந்த அலகு, கழுத்தோரத்தில் சிலிர்த்த இறகு. இது நம்மூரில் மஞ்சள்முகப் பாறு என்று அழைக்கப்படும் அதே இனம். திருக்கழுக்குன்றத்தில் நெடுங்காலம் உச்சிவேளை உணவுக்கு வந்துகொண்டிருந்த கழுகுகளும் இவைதாம். அதை முதலில் அடையாளம் கண்டபோது சுவர் முன்னிருந்து நகர எனக்கு மனம் வரவில்லை. இதற்கு மிக நெருங்கிய வடிவில் இன்னொரு குறி உண்டு; அது உருண்டைத் தலை கொண்ட ஒரு பருந்தினம். தலையின் வளைவைப் பார்த்தே பிரிக்க வேண்டும்.

தகைவிலானும் சிட்டுக்குருவியும் அடுத்த குழப்பம். தகைவிலானின் வால் கவை போல் பிளந்திருக்கும். அந்தக் குறி 'பெரிய' என்ற பொருளில் வரும். சிட்டுக்குருவியின் வால் மழுங்கி உருண்டிருக்கும். அது 'சிறிய', 'கெட்ட' என்ற பொருள்களைக் காட்டும். வால் நுனி சிதைந்த சுவரில் அனுபவம் உள்ளவர்களும் தயங்குவார்கள். காடைக் குஞ்சு கொழுகொழுவென்று சிறிய சிறகோடு நிற்கும். எழுத்துகளுக்கிடையே மிகச் சிறப்பாகச் செதுக்கப்படுவது பெரும்பாலும் இதுதான். வாத்துக் குஞ்சைக் காடைக் குஞ்சு என்று எண்ணிவிடாமல் அலகைப் பாருங்கள்.

கூகையைத் தவறவிடவே முடியாது. மற்றப் பறவைகள் எல்லாம் பக்கவாட்டில் பார்க்க, உடல் பக்கவாட்டிலும் முகம் நம்மை நோக்கியும் இருப்பது அது ஒன்றுதான். ஆட்காட்டி இனப் பறவை ஒன்று, தலையில் கொண்டையோடும், பறக்க முடியாதபடி முதுகுக்குப் பின்னால் பின்னிவிட்ட சிறகுகளோடும் வரும். அது பொதுமக்களைக் குறிக்கும் அடையாளம். ஊசிவால் வாத்தை அரசர் பெயர்களுக்கு அருகே தேடுங்கள். வட்டச் சூரியனும் பக்கத்தில் வாத்தும் இருந்தால் 'ரா கடவுளின் மகன்' என்று பொருள். அதை அடுத்து, நீள்வட்டக் கட்டத்துக்குள் அரசர் பெயர் இருக்கும். வேடந்தாங்கலுக்குக் குளிர்காலத்தில் வரும் ஊசிவால் வாத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் குறி ஒரு நொடியில் புலப்படும். அரிவாள் மூக்கன்கள் மூன்று வகை: தோத் கடவுளின் வெள்ளை அரிவாள் மூக்கன், உடல் முழுவதும் கறுத்த ஒன்று, பின்தலையில் இறகுக் கற்றை தொங்கும் மொட்டைத்தலை வகை ஒன்று.

வாசிக்கும் திசைக்கும் பறவைகளே வழிகாட்டி. அவை எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கின்றனவோ, அந்தப் பக்கத்திலிருந்து வரி தொடங்குகிறது. இந்த ஒரு செய்தி தெரிந்தாலே சுவர் உங்களுக்குத் திறந்துகொள்ளும்.

6. சக்காராவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்

பறவைகளுக்காக எகிப்தில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் அதைச் சக்காராவுக்குக் கொடுங்கள் என்பேன். கெய்ரோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நேரான பொதுப் போக்குவரத்து இல்லாததால் நாள் முழுவதற்கும் வாடகைக் கார் பேசிக்கொள்ளுங்கள். பேசும்போது "உள்ளேயும் ஒவ்வொரு கல்லறைக்கும் அழைத்துச் செல்ல வேண்டும், காத்திருக்க வேண்டும், கிசாவோடு சேர்த்து முடிக்கக் கூடாது" என்று மூன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கிசா, சக்காரா, மெம்பிஸ் மூன்றையும் ஒரே நாளில் காட்டுகிறேன் என்று சொல்லும் எவரையும் ஏற்காதீர்கள்.

இங்கே உள்ள பெரிய பொறி, சீட்டுக் கூடம். அது வளாகத்தின் நுழைவில் இருக்கிறது. கல்லறைகள் உள்ளே பாலைவனத்தில் சிதறிக் கிடக்கின்றன. சில கல்லறைகளுக்குத் தனிச் சீட்டு வேண்டும். கல்லறை வாசலுக்குப் போனபின் அங்கே சீட்டு விற்பதில்லை. திரும்பி வந்துதான் வாங்க வேண்டும். ஆகவே சீட்டு எடுக்கும்போதே மெரெருகா, ககெம்னி, டி, ப்தாஹோதெப் என்று கல்லறைக்கு உரியவர்களின் நான்கு பெயர்களையும் தாளில் எழுதிக் காட்டி, இன்று எவை திறந்திருக்கின்றன, எவற்றுக்குத் தனிச் சீட்டு என்று கேளுங்கள். பழுதுபார்ப்புக்காக ஒன்றிரண்டு மூடியிருப்பது வழக்கம்.

மெரெருகாவும் ககெம்னியும் தெத்தி மன்னரின் பிரமிடுக்கு அருகில் பக்கத்துப் பக்கத்தில் உள்ளன. காலையில் முதலில் இங்கே போங்கள். பேருந்துக் கூட்டம் படிப்பிரமிடில் இறங்கும் நேரத்தில் இங்கே தனிமை கிடைக்கும். மெரெருகாவின் கல்லறையில் முப்பதுக்கும் மேற்பட்ட அறைகள் உள்ளன. அங்குள்ள சதுப்புநிலக் காட்சியில் பாப்பிரஸ் என்ற உயரமான நீர்க்கோரையின் புதர் உச்சியில் கூடுகளும் குஞ்சுகளும் இருக்கின்றன. தண்டு வளைய ஏறிவரும் ஒரு சிறு வேட்டை விலங்கு குஞ்சைக் குறிவைக்கிறது. தாய்ப்பறவைகள் சிறகு விரித்துப் பதறும் அந்த அசைவைக் கல்லில் கொண்டுவந்தவனுக்குப் பறவைகளை நெருங்கி நின்று பார்த்த அனுபவம் இருந்திருக்க வேண்டும். கண்ணுக்கு மேலான உயரத்தில் இருப்பதால் பலரும் இதைப் பார்க்காமல் கடந்து விடுகிறார்கள், நிமிர்ந்து பாருங்கள்.

ககெம்னியில் பறவைப் பண்ணைக் காட்சிகளைத் தேடுங்கள். அடுத்து காரில் ஏறி வடமேற்கே, புனித எருதுகளின் நிலத்தடிக் கல்லறையான செராபியத்துக்கு அருகிலுள்ள டி என்பவரின் கல்லறைக்குச் செல்லுங்கள். எனக்கு எகிப்திலேயே மிகப் பிடித்த சுவர் இங்கே இருக்கிறது. உள்ளே நடைவழியைக் கடந்து போகும் வழிபாட்டு அறையின் வடக்குச் சுவரில், டி படகில் அசையாமல் நிற்க, ஏவலர்கள் நீர்யானையைக் குத்துகிறார்கள். பின்புலம் முழுவதும் பாப்பிரஸ் தண்டுகள், செங்குத்தான வரிகளாகச் சுவரின் அகலத்துக்கும் நிற்கின்றன. அந்த வரிகளுக்கு மேலே, பூங்கொத்துகளின் இடையில், கூடுகளில் அமர்ந்தவையும் பறப்பவையுமாகப் பறவைகள். மீன்கொத்தியையும் கொண்டலாத்தியையும் ஆட்காட்டியையும் நீங்களே கண்டுபிடியுங்கள்; ஐந்தாம் படியில் செய்த பயிற்சி இங்கேதான் பலன் தரும். தூண்கள் உள்ள முன்முற்றத்தில், வாத்துகளையும் பெருங்கொக்குகளையும் பிடித்து வாயில் உருண்டை திணித்துக் கொழுக்க வைக்கும் காட்சி உண்டு. வெயிலில் தேய்ந்திருப்பதால் பொறுமையாகப் பார்க்க வேண்டும். அதன் பிறகு நேரம் இருந்தால், படிப்பிரமிடின் மேற்கே உள்ள ப்தாஹோதெப் கல்லறை.

கல்லறைக் காவலர்கள் சாவியோடும் கைவிளக்கோடும் வருவார்கள். மூடிய அறையைத் திறக்கிறேன், கயிற்றைத் தாண்டிப் போகலாம், சுவரைத் தொட்டுப் பார்க்கலாம் என்று சிலர் அன்பளிப்பு எதிர்பார்த்துச் சொல்வதுண்டு. நல்ல விளக்கம் தந்த காவலருக்குச் சிறு தொகை கொடுப்பது அங்குள்ள வழக்கம். அதற்காகச் சில்லறை வைத்திருங்கள். ஆனால் கயிற்றைத் தாண்டவும் தொடவும் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். விரலின் எண்ணெயும் வியர்வையும் மென்மையான சுண்ணாம்புக் கல்லைக் கெடுக்கின்றன. அந்த இறகு வரிகளின் ஆழம் ஒரு நகத்தின் தடிப்புக்கும் குறைவு என்பதை மறவாதீர்கள்.

7. கர்னாக்: இரண்டு முறை போங்கள்

லக்சரில் கர்னாக் காலை ஆறு மணிக்குத் திறக்கிறது. வாசலில் அந்த நேரத்துக்கே நில்லுங்கள். எட்டு மணிக்குமேல் கூட்டம் வந்துவிடும்.

பெரும்பாலோர் பெருந்தூண் மண்டபத்தோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் நேராகக் கிழக்குக் கோடி வரை நடந்து மன்னர் மூன்றாம் துத்மோசின் திருவிழா மண்டபமான அக்மெனுவை அடையுங்கள். அதன் வடகிழக்குப் பகுதியில், பாப்பிரஸ் கட்டுகள் போல் செதுக்கிய நான்கு தூண்கள் நிற்கும் சிறு அறையைத் 'தாவரத் தோட்டம்' என்கிறார்கள். சிரியப் படையெடுப்பின்போது கண்ட செடிகளும் பறவைகளும் விலங்குகளும் அதன் சுவரில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. வேட்டையும் இல்லை, படையலும் இல்லை. ஒரு பதிவேடு போலப் பறவைகளைத் தனித்தனியாகக் காட்டும் இப்படிப்பட்ட சுவர் வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. அறைக்குக் கூரை இல்லாததாலும் செதுக்கு மிக மேலோட்டமானது என்பதாலும் நண்பகலில் சுவர் வெளுத்துவிடும். நான் முதலில் பதினொரு மணிக்குப் போய், வெறும் கல்லைப் பார்த்துவிட்டு வந்தேன். காலை ஏழு மணிக்கு முன்னால் இங்கே இருங்கள்.

திரும்பி வரும்போது பெருந்தூண் மண்டபத்தின் தெற்கு உட்சுவரில், இரண்டாம் ராமசேஸ் ஹோரஸ், க்னும் என்ற கடவுள்களோடு சேர்ந்து பறவை வலையை இழுக்கும் காட்சியைப் பாருங்கள். அதன் பிறகு, முதல் முற்றத்துக்கு வடக்கே உள்ள திறந்தவெளி அருங்காட்சியகம். அதற்குத் தனிச் சீட்டு கேட்டால் கோயில் வாசலிலேயே சேர்த்து வாங்கிவிட வேண்டும். முதலாம் செனுஸ்ரெத்தின் வெள்ளைச் சிற்றாலயம் அங்கே இருக்கிறது. அதன் சுண்ணாம்புக்கல் தூண்களில் எழுத்துக் குறிகளாக வரும் ஒவ்வொரு பறவையும் தனிச் சிற்பம்; கூகையின் மார்பில் உள்ள இறகுகளைக்கூட எண்ணலாம். காலையில் சில பக்கங்கள் நிழலில் இருக்கும். மாலையில் எதிர்ப்பக்கம் ஒளி பெறும். இரண்டாவது சீட்டு எடுத்து மாலை மூன்று மணிக்கு வரச் சொல்வது இதற்காகத்தான்.

8. மேற்குக் கரை: காலை ஒரு கோயில், மாலை ஒரு கோயில்

லக்சர் கோயிலுக்கு அருகிலிருந்து பொதுப் படகில் நைலைக் கடந்து, மறுகரையில் வாடகைக் காரோ மிதிவண்டியோ எடுத்துக்கொள்ளலாம். படகில் போகும்போது ஆற்றின்மேல் நின்ற இடத்திலேயே சிறகடிக்கும் கறுப்பு வெள்ளை மீன்கொத்தியைப் பாருங்கள். டியின் சுவரில் பார்த்தது நினைவுக்கு வரும்.

பெண் அரசர் ஹட்செப்சுட்டின் தெயிர் எல்-பஹ்ரி கோயில் கிழக்கு நோக்கியது. காலை ஒளி தூண்களுக்கிடையே உள்ளே வரும். எல்லோரும் மேல் தளத்துக்கு ஏறிவிடுவார்கள். நீங்கள் ஏறுமுன் கீழ்த்தளத்தின் வடக்குத் தாழ்வாரத்துக்குப் போங்கள். சதுப்புநிலத்தில் வலைவீசிப் பறவை பிடிக்கும் மேல்புடைப்பு அங்கே இருக்கிறது. சிதைவு நிறைய உண்டு என்றாலும் எஞ்சிய பகுதி அருமையானது.

மெதினெத் ஹாபுவை மாலைக்கு வையுங்கள். முதல் கோபுரவாசலின் தெற்குக் கோபுரத்துப் பின்புறச் சுவரில், மூன்றாம் ராமசேஸ் காட்டெருதுகளை வேட்டையாடும் பெரிய குழிபுடைப்பு இருக்கிறது. நாணல்களுக்கிடையே மீன்களும் பறவைகளும் தெரியும். அந்தச் சுவர் மேற்கு நோக்கியது. காலையில் முழுவதும் நிழல். பிற்பகல் மூன்று மணிக்குமேல் ஒவ்வொரு வரம்பும் கருங்கோடாக எழுந்து நிற்கும். இரண்டாம் முற்றத்தில், 'மின்' என்ற பெயருடைய வளமைக் கடவுளின் திருவிழாவில் நான்கு பறவைகளைத் திசைக்கொன்றாகப் பறக்கவிடும் காட்சியையும் பாருங்கள். இந்தக் கோயிலில் எழுத்துகள் கை நுழையும் ஆழத்துக்கு வெட்டப்பட்டவை. கழுகும் கூகையும் தூரத்திலிருந்தே வாசிக்கக் கிடைக்கும்.

இங்கே நான் விழுந்த பொறியைச் சொல்ல வேண்டும். மெதினெத் ஹாபுவின் வாசலில் சீட்டு விற்பதில்லை. மெம்னன் சிலைகள் எனப்படும் இரண்டு பெரிய கற்சிலைகளுக்கு அப்பால் சாலையோரம் உள்ள பொதுச் சீட்டுக் கூடத்தில் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். நான் வாசலிலிருந்து திரும்பி நடந்து, வாங்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் ஒளி போய்விட்டது. இணையத்தில் முன்பதிவு செய்ய முடிந்தால் செய்துவிடுங்கள். முடியாவிட்டால் காலையில் அந்தக் கூடத்தைக் கடக்கும்போதே அன்றைய தேதிக்கு வாங்கி வையுங்கள்.

9. நேரம் இருந்தால் அபிதோஸ், அதற்கும் பின் எட்ஃபு

லக்சரிலிருந்து அபிதோசுக்குக் காரில் ஒரு வழிக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம். முதலாம் சேத்தியின் கோயிலில் உள்ள மேல்புடைப்பு எகிப்தின் மிகச் சிறந்த வேலைகளில் ஒன்று. சோக்கர் கடவுளுக்குரிய பகுதியில், இறந்து கிடக்கும் ஒசிரிஸ் கடவுளின் உடல்மேல் அவர் மனைவி இசிஸ் பறவை வடிவில் சிறகடித்து நிற்கிறாள். உள்ளே இருட்டு, கண் பழகப் பத்து நிமிடம் கொடுங்கள்.

எட்ஃபு ஹோரசின் கோயில் என்பதால் வல்லூறு எங்கும் உண்டு. ஆயினும் முற்றத்தில் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் கிரானைட் வல்லூறு முழுச்சிலையே தவிரப் புடைப்பு அல்ல. ஆற்றுக் கப்பல்கள் விடியற்காலையில் பயணிகளைக் கொத்தாக இறக்கும். பிற்பகலில் போனால் அமைதியாகப் பார்க்கலாம். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் அபிதோசைத் தேர்ந்தெடுங்கள்.

10. படம் எடுப்பதும் வரைவதும்

சொந்தப் பயன்பாட்டுக்குக் கைபேசியால் படம் எடுக்கப் பெரும்பாலான இடங்களில் கட்டணம் இல்லை. பிளாஷ் கூடாது. முக்காலியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வணிகப் பயன்பாட்டுக்கும் முக்காலிக்கும் தொல்பொருள் துறையின் முன் அனுமதி வேண்டும். கல்லறைக்குள் மூச்சைப் பிடித்து, முழங்கையை உடலோடு ஒட்டி எடுங்கள். சுவருக்கு நேர் எதிரே ஒரு படம், ஒளி வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து நின்று ஒரு படம் என்று ஒவ்வொரு பறவைக்கும் இரண்டு எடுங்கள். முதலாவது வடிவத்தைத் தரும், இரண்டாவது புடைப்பைக் காட்டும். ஒவ்வொரு சுவரின் முழுப்படம் ஒன்றையும் எடுக்காவிட்டால், ஊருக்கு வந்தபின் எந்தப் பறவை எந்தச் சுவர் என்று தெரியாது.

பென்சிலும் சிறு குறிப்பேடும் எடுத்துச் செல்லுங்கள், மை வேண்டாம். பார்த்து வரைய யாரும் தடுக்கவில்லை. சுவரின்மேல் தாளை வைத்துத் தேய்த்துப் படியெடுப்பது மட்டும் கூடவே கூடாது.

11. செதுக்கிய கல் வாங்க விரும்பினால்

மேற்குக் கரையில் பட்டறைகள் வரிசையாக உள்ளன. சுண்ணாம்புக் கல்லில் கூகையும் வல்லூறும் செதுக்கி விற்கிறார்கள். கைவேலைக்கு நியாயமான விலை கொடுத்து வாங்கலாம். பேரம் பேசுவது வழக்கம். கடையின் பெயரும், புதிதாகச் செய்த பொருள் என்ற குறிப்பும் உள்ள ரசீதைக் கேட்டு வாங்கி, கைப்பையில் வையுங்கள். விமான நிலையச் சோதனையில் கேட்பார்கள். "இது பழையது, நிலத்தில் கிடைத்தது" என்று யாராவது துணியில் சுற்றிக் காட்டினால் அந்த இடத்தைவிட்டு உடனே போய்விடுங்கள். அது போலியாக இருந்தால் பணம் போகும். உண்மையாக இருந்தால், 1983-ஆம் ஆண்டின் 117-ஆம் எண் சட்டப்படி சிறைக்குப் போக நேரும். அதோடு எங்கோ ஒரு கல்லறைச் சுவர் உங்களுக்காக உடைக்கப்பட்டிருக்கும்.

12. இப்போது போக இயலாதவர்களுக்கு

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், காப்புரிமை இல்லாத தன் பொருள்களின் படங்களை 2017 முதல் யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்து விட்டிருக்கிறது. அதில் சிற்பிகள் பழகுவதற்காகச் செய்த சிறிய சுண்ணாம்புக்கல் பலகைகளைத் தேடுங்கள்: காடைக் குஞ்சு, தகைவிலான், வல்லூறு என்று உள்ளங்கை அளவில் பல உண்டு. சிலவற்றில் அளவுக் கட்டங்களும், பாதி முடித்த இறகுகளும் அப்படியே இருக்கின்றன. ஐந்தாம் படியின் பயிற்சியை இவற்றைப் பார்த்தே செய்யலாம். ஐரோப்பாவில் இருப்பவர்கள் பெர்லினின் நோயஸ் அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். நியூசெர்ரே மன்னரின் சூரியக் கோயிலிலிருந்த 'பருவகாலங்களின் அறை'யின் புடைப்புகள் அங்கே உள்ளன. பாரிசின் லூவரில் அக்ஹெத்ஹோதெப் என்பவரின் சக்காரா கல்லறை வழிபாட்டு அறையே நிற்கிறது. கூட்டம் மோனாலிசாவின் பக்கம் போய்விடுவதால், அங்கே அரை மணி நேரம் தனியாக நின்று பார்க்கலாம்.